சலத்தில் சீனி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பதிலளிப்பவர்: ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், மட்டக்களப்பு

களுவாஞ்சிக்குடி வாசகர்: எழுபது வயதைக் கடந்த என் அம்மாவின் சலத்தில் சீனி இல்லை என்று அறிக்கை வந்துள்ளது. அவருக்கு நீரிழிவு இல்லை என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. சிறுநீரகம் தான் வடிக்கும் குளுக்கோசை மீள உறிஞ்சி இரத்தத்துக்கே திருப்பிவிடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் மிஞ்சியது சலத்தில் இறங்கும். வயது போகப் போக இந்த எல்லை மேலும் உயரலாம். வெறுவயிற்றில் 126 இருந்தாலே அது நீரிழிவின் அளவு என்பதால், நோய் உள்ள ஒருவரின் சலம் நீண்டகாலம் சீனியின்றியே இருக்கக்கூடும். அம்மாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்வியுங்கள்.

காத்தான்குடி வாசகி: நான் கர்ப்பிணி. கிளினிக்கில் சலத்தில் சீனி இருப்பதாகச் சொன்னார்கள்.

கர்ப்பகாலத்தில் சிறுநீரகம் கூடுதலாக வடிப்பதால், இரத்தச் சீனி சரியாக உள்ளவர்களுக்கும் இவ்வாறு தென்படுவதுண்டு. ஆனாலும் கர்ப்பகால நீரிழிவு இல்லை என்று இரத்தப் பரிசோதனையால்தான் உறுதிப்படுத்த முடியும்; அதைப் பிற்போடாதீர்கள்.

அக்கரைப்பற்று வாசகர்: புதிய குளிசை தொடங்கிய பின் இரத்தச் சீனி குறைந்தது, சலத்தில் மட்டும் மிகக் கூடியுள்ளது. இது ஆபத்தா?

குளிசையின் பெயரைப் பாருங்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் ஆகியவை சிறுநீரகத்தின் மீளுறிஞ்சலைத் தடுத்துச் சீனியைச் சலத்தோடு வெளியேற்றுவதால், உங்கள் குளிசை இவற்றில் ஒன்றானால் அறிக்கை மருந்து வேலை செய்வதையே காட்டுகிறது. பிறப்புறுப்பில் அரிப்பு ஏற்பட்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள். வாந்தி எடுத்தாலோ, உண்ண முடியாமற் போனாலோ, நோன்பு பிடிக்க எண்ணினாலோ அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தச் சீனி அதிகம் உயராமலே இரத்தம் அமிலமாகும் ஆபத்து இம்மருந்துகளில் உண்டு.

ஏறாவூர் வாசகர்: சலத்தில் எறும்பு மொய்க்கவில்லை. போதாதா?

போதாது.

ஆரையம்பதி வாசகர்: நம் முன்னோர் எறும்பைக் கொண்டுதானே நோயை அறிந்தார்கள்? அவர்களைப் பிழை என்கிறீர்களா?

இல்லை. அவர்களுடைய அவதானிப்பு மிகக் கூர்மையானது. இங்கிலாந்து வைத்தியர் மத்தியூ டொப்சன் நோயாளியின் சலத்தை வற்றவைத்து, எஞ்சியது சீனியே என்று காட்டியது 1776இல். அந்த இனிப்பை இந்திய மருத்துவர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குறித்துவைத்தார்கள். ஆனால் எறும்பு காட்டுவது சீனி எல்லை தாண்டிய பிறகு உள்ள நிலையை. கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் காக்க வேண்டுமானால் அதற்கு முன்பே அறிய வேண்டும், அதற்கு இன்று வழியும் உண்டு. முன்னோரை மதிக்கிற எவரும் தாயையோ தகப்பனையோ எறும்பை நம்பி விட்டுவைக்கக் கூடாது.

வாழைச்சேனை வாசகர்: சலத்தில் சீனி இல்லை, மருந்தை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். முதற் பதிலை வாசித்துவிட்டு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைப் பற்றி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.