இரண்டு ஊர் வகுப்பறைகளைக் காணொளியில் இணைப்பதால் மாணவர்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

உண்டு. கேள்வியில் ‘உண்மையில்’ என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்களே, அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்களும் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும். பள்ளிக்குப் புதிதாகத் திரை வந்திருக்கும், அதை வைத்து ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லியிருப்பார்கள்.

நான் வேதாரண்யம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. என்னோடு பி.எட். படித்த தோழி ஊட்டிக்கு அருகே வேலை பார்க்கிறாள். இரண்டு வருடமாக, மாதம் ஒரு முறை எங்கள் எட்டாம் வகுப்புகளைச் சேர்த்து வைக்கிறோம்.

முதல் இரண்டு முறை வீணாகத்தான் போனது. பிள்ளைகள் வரிசையாகப் பெயர் சொன்னார்கள், பாட்டுப் பாடினார்கள். அப்புறம் நான் பாடம் எடுத்தேன், அந்தப் பக்கம் கொட்டாவி விட்டார்கள். மூன்றாவது முறை இருவரும் பேசுவதை நிறுத்திவிட்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்தோம்.

இரண்டு பக்கமும் 200 மில்லி தண்ணீர், ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு வெப்பமானி. நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு பிள்ளை அளவைக் கத்திச் சொல்ல வேண்டும். ஊட்டியில் 93 வந்ததும் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அதற்கு மேல் பாதரசம் நகரவே இல்லை. “தீ பத்தல, கூட்டி வைங்க” என்று எங்கள் பிள்ளைகள் இங்கிருந்து கத்தினார்கள். அவர்களும் இன்னொரு விளக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்போதும் 93தான். எங்கள் தண்ணீர் 99க்குப் போய்த்தான் நின்றது.

யார் வெப்பமானி கெட்டது என்று இரண்டு வகுப்பும் சண்டைக்கே போய்விட்டன. அப்போது அந்தப் பக்கம் ஒரு பெண், “எங்க வீட்ல பருப்பு குக்கர்ல போட்டாத்தான் வேகும், சட்டியில வேகாது” என்றாள். அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. மலையில் காற்றழுத்தம் குறைவு, அதனால் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்குக் கொதிநிலை ஒரு டிகிரி குறையும் என்று மட்டும் சொன்னேன். ஊட்டி சுமார் 2,200 மீட்டர். பிள்ளைகளே வகுத்துப் பார்த்து, ஏழு டிகிரி வித்தியாசம் வர வேண்டும், நமக்கு ஆறுதானே வந்தது, மீதி ஒன்று எங்கே என்று கேட்டார்கள். வெப்பமானிக்கு வெப்பமானி ஒரு டிகிரி மாறும் என்பது அன்று அவர்களுக்கு இன்னொரு பாடம்.

‘இதைப் புத்தகத்திலேயே படிக்கலாமே’ என்று யாராவது எழுதுவீர்கள். படிக்கலாம். ஆனால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று மனப்பாடம் செய்த பிள்ளை, தன் வயதுப் பிள்ளை 93ல் கொதிக்க வைப்பதைப் பார்ப்பது வேறு. ஆன்லைன் வகுப்புக்கு நான் வக்காலத்து வாங்கவும் இல்லை. 2020ல் பள்ளி மூடியபோது என் வகுப்பில் பாதி வீடுகளில் நல்ல போன் கிடையாது. அந்தப் பிள்ளைகள் இழந்ததை நான் கண்ணால் பார்த்தவள். நான் சொல்வது, இரண்டு பக்கமும் ஆசிரியர் நிற்க, பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவது.

‘சம்பளம் வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறார்கள்’ என்று இதே தளத்தில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது வலித்தது. அந்த இரண்டு வெப்பமானிகளும் என் காசு. காலையில் பாடம் தொடங்கும் முன் செயலியில் வருகை ஏற்ற வேண்டும். அப்புறம் எடை, உயரம், வங்கிக் கணக்கு, ஆதார் எண் என்று ஏதாவது ஒன்று. சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாடம் நடத்த விடுங்கள் என்றுதான் நாங்கள் கேட்கிறோம். சரி, அது இந்தக் கேள்வியில் இல்லை.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் முதலில் ஒலியைக் கவனியுங்கள். படம் மங்கலானாலும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் கலைந்துவிடுவார்கள். ஒரு பக்கம் பேசும்போது மறுபக்கம் மைக்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எதிரொலி. மின்விசிறியையும் நிறுத்துங்கள். இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடம் ஓடும், ஒரு பீரியடுக்கு அதுவே போதும். முக்கியமாக, அவர்களிடம் இல்லாத ஏதோ ஒன்று உங்களிடமும், உங்களிடம் இல்லாதது அவர்களிடமும் இருக்கிற ஊராகப் பார்த்துப் பிடியுங்கள்.

எங்களிடம் இருப்பது உப்பு. 1930ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்த ஊர் என்று ஊட்டிப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் தெரியும். போன மாதம் ஒரு பையன், “உப்பைப் பறிப்பீங்களா, தோண்டுவீங்களா?” என்று கேட்டான். என் வகுப்பில் கடைசி வரிசையில் ஒருவன் இருக்கிறான். அப்பா அம்மா இரண்டு பேரும் உப்பளத்தில் வேலை. கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். அவன் எழுந்து போனுக்குப் பக்கத்தில் வந்து, “வாருவோம்” என்றான். பாத்தியில் தண்ணீர் 25 டிகிரி வந்தால்தான் உப்பு இறங்கும் என்றான். ஊட்டிப் பிள்ளைகள் அதை வெப்பம் என்று நினைத்துவிட்டார்கள். சூடு இல்லை, உப்புக் கரிப்பை அளக்கிற டிகிரி, அதற்குத் தனியாக ஒரு மானி இருக்கிறது, தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள் என்று அவன்தான் விளக்கினான். நான் குறுக்கே பேசவில்லை.

இணைப்பை அணைத்ததும் என்னிடம் வந்தான். “டீச்சர், பாத்தித் தண்ணியக் கொதிக்க வச்சா எத்தனைல கொதிக்கும்?”

அடுத்த மாதம் அதைத்தான் செய்யப்போகிறோம். அவன் ஒரு பாட்டில் கொண்டுவருகிறான், ஊட்டியில் கடை உப்பைக் கரையும் மட்டும் கரைத்து வைப்பார்கள். எங்கள் வெப்பமானி 110 வரை காட்டும், போதும்.