பாறையேற்றத்துக்குப் பழைய கேம்களை வாங்கலாம், பழைய கயிற்றை வாங்கக் கூடாது

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன். உள்ளரங்குச் சுவர்களிலும் டெய்ரி ஃபார்ம் பாறையிலும் ஏறிப் பழகியவன். நண்பர்களோடு ஆஸ்திரேலியாவில் உள்ள ஃபிராக் பட்ரஸ் பாறைக்கு, முதன்முறையாக டிராட் முறையில் ஏறப் போகிறேன். கரோசல் விற்பனைத் தளத்தில் ஒருவர் ஒன்பது கேம், ஒரு செட் நட், ஸ்லிங்குகள், 60 மீட்டர் கயிறு, ஹெல்மெட் எல்லாவற்றையும் சேர்த்து 750 வெள்ளிக்குத் தருகிறார். "அதிகம் பயன்படுத்தியதில்லை" என்கிறார். வாங்கலாமா?

பதில்: மொத்தமாக வாங்காதீர்கள். கேம்களுக்கும் நட்களுக்கும் மட்டும் விலை கேளுங்கள். கயிறு, ஸ்லிங் என்ற துணிப்பட்டை, ஹெல்மெட் மூன்றும் அவரிடமே இருக்கட்டும், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். டெய்ரி ஃபார்மின் கருங்கல் சுவரில் பெரும்பாலான பாதைகளில் போல்ட்கள் ஏற்கனவே அடிக்கப்பட்டிருக்கும். ஏறுபவர் அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார். டிராட் முறையில் பாறையில் எதுவும் இருக்காது. ஏறுபவரே பிளவுகளுக்குள் நட்களையும் (குறுகும் இடத்தில் சிக்கிக்கொள்ளும் உலோகத் துண்டுகள்) கேம்களையும் (விரிந்து பிளவின் இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பற்களுள்ள கருவிகள்) பொருத்தி, கயிற்றை அவற்றோடு இணைப்பார். கூட வருபவர் அவற்றைக் கழற்றிக்கொண்டே மேலே வருவார். கை தவறினால் உடலின் முழுப் பாரமும் அந்தச் சிறு கருவியில்தான் விழும்.

உலோகத்தைப் பற்றி நான் ஓரளவு தாராளமாகச் சொல்லக் காரணம், அதன் தேய்மானம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் என்பதே. விற்பவரை நேரில் சந்தித்து, ஒவ்வொரு கேமையும் வெளிச்சத்தில் பாருங்கள். விசையை இழுத்தால் நான்கு பற்களும் ஒரே சீராகச் சுருங்க வேண்டும். விட்டால் தயங்காமல் விரிய வேண்டும். விசைக் கம்பிகளில் இழை பிரிந்திருக்கிறதா, தண்டு மடங்கியிருக்கிறதா, அச்சு வளைந்திருக்கிறதா, பற்களின் விளிம்பு எங்காவது தட்டையாக நசுங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். நசுங்கிய விளிம்பு பலமான விழுதலைச் சொல்லும். ஐயம் இருக்கும் கேமை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்குப் பேரம் பேசுங்கள். கேம்களுக்கான ஐரோப்பியத் தர எண் 12276. அந்த முத்திரை பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த மாடலைத் திரும்பப் பெறும் அறிவிப்பு எதுவும் வந்திருக்கிறதா என்று தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலும் பார்த்துவிடுங்கள்.

துணி அப்படி இல்லை. நைலானை வெயில் மெல்ல மெல்லப் பலவீனமாக்கும். பேட்டரி அமிலத்தின் ஆவி பட்டால் வெளியே ஒரு அடையாளமும் இல்லாமல் இழைகள் செத்துவிடும். நம் வீவக அடுக்குமாடி வீடுகளில் இப்படிப்பட்ட சாமான்கள் எங்கே கிடக்கும் என்று யோசியுங்கள். வெடிகுண்டுப் புகலறையில், சலவைத் திரவத்துக்கும் பழைய பேட்டரிகளுக்கும் பக்கத்தில்தான். விற்பவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் தன் கயிற்றுக்கு என்ன நேர்ந்தது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் துணிப் பொருள்களைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஹெல்மெட்டின் உள்நுரையில் விரிசல் விட்டிருந்தாலும் வெளியே தெரியாது. புதியது வாங்கும்போது மலையேற்றத்துக்கான 12492 தரமா என்று பாருங்கள். சைக்கிள் ஹெல்மெட் இதற்கு உதவாது.

கேமின் வாலில் தைத்திருக்கும் பட்டையும் துணிதான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதில் பெரும்பாலும் தயாரித்த ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். "போன வருடம் வாங்கியது" என்ற பேச்சை அதைக் கொண்டே சரிபார்க்கலாம். பட்டை பழையதென்றால் அதை மாற்றித் தைக்க வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் போகும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஃபிராக் பட்ரஸ், பிரிஸ்பேனிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், மவுண்ட் ஃபிரெஞ்ச் குன்றில் இருக்கிறது. 1968 முதல் அங்கே ஏறி வருகிறார்கள். ரயோலைட் என்ற எரிமலைப் பாறை அது. குழம்பு குளிர்ந்து சுருங்கியபோது தூண் தூணாகப் பிளந்தது. அதனால் பிளவுகள் நெடுந்தூரத்துக்கு ஒரே அகலத்தில், இரு பக்கமும் இணையாக ஓடும். நட் நிற்பதற்குப் பிளவு ஓரிடத்தில் குறுக வேண்டும். குறுகாத பிளவில் கேம்தான் கைகொடுக்கும். 1978இல் "ஃபிரெண்ட்ஸ்" என்ற பெயரில் முதல் கேம்கள் கடைக்கு வந்தபோது இத்தகைய பாறைகளில் ஏறும் விதமே மாறியது. ஆனால் ஒரே அகலப் பிளவுக்கு ஒரே அளவுக் கேம் இரண்டு மூன்று வேண்டும். ஒன்பது அளவில் ஒவ்வொன்று வைத்திருக்கும் செட், படத்தில் நிறைவாகத் தெரியும். பாதி வழியில் தேவையான அளவு தீர்ந்துபோகும்.

ஆகவே குழுவில் யாரிடம் எந்த அளவு இருக்கிறது என்று முதலில் பட்டியல் போடுங்கள். உங்கள் பங்குக்குக் குறையும் அளவுகளை மட்டும் வாங்குங்கள். புதிதாக ஒரு கேம் நூறு வெள்ளியைத் தாண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் முதல் பயணத்தில் உங்கள் பணம் போக வேண்டிய இடம், கேம் வைக்கக் கற்றுத்தரும் தகுதிபெற்ற வழிகாட்டியின் கட்டணம். பெரும்பாலான வழிகாட்டிகள் கருவிகளோடுதான் வருவார்கள். தவறாக வைத்த புதுக் கேமும் பிடுங்கிக்கொண்டு வரும்.

தனிநபரிடம் வாங்கும்போது, குறையுள்ள பொருளுக்கு மாற்று கேட்க உதவும் "லெமன் சட்டம்" உங்களுக்குத் துணை வராது. அது வியாபாரிகளை மட்டுமே கட்டுப்படுத்தும். விற்பவர் எழுதிய விளம்பரத்தையும் உரையாடலையும் படம் பிடித்து வையுங்கள். சொன்னதற்கு மாறான பொருள் வந்தால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போக அது உதவும்.

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் கடையில் புதிதாக வாங்கிய கேமில் ஒரு பல் திரும்ப விரிவதில்லை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ரசீதைக் காட்டுகிறார்கள். – வாசகர், சுவா சூ காங்

பதில்: அந்த வரியைக் காட்டி உங்கள் உரிமையைப் பறிக்க முடியாது. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டத்தின்படி, ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேளுங்கள். நியாயமான காலத்தில் அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கத்தை நாடுங்கள். ஆனால் கடலோரப் பாறையில் பயன்படுத்திவிட்டு நன்னீரில் கழுவாமல் பையில் போட்டிருந்தால், உப்பால் இறுகியது என்று அவர்கள் சொல்வதற்கு இடமுண்டு. அப்படியானால் வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, மெழுகு வகை மசகு இட்டுப் பாருங்கள்.

கேள்வி: மகன் இப்படி ஒரு பயணம் போகிறான். சாதாரணப் பயணக் காப்புறுதி போதுமா? – ஒரு தாய், செங்காங்

பதில்: விலக்குப் பகுதியைப் படிக்காமல் வாங்காதீர்கள், அம்மா. கயிறோ வழிகாட்டியோ தேவைப்படும் ஏற்றங்களுக்கு இழப்பீடு இல்லை என்று பல பாலிசிகளில் இருக்கும். சிலவற்றில் உரிமம் பெற்ற நிறுவனத்தோடு போனால் மட்டும் உண்டு. "போல்ட் இல்லாத பாறையில், சொந்தக் கருவிகளோடு ஏறுகிறான்" என்று எழுதிக் கேட்டு, மீட்புச் செலவும் சேருமா என்பதற்கும் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது பின்னால் நிற்காது. டெய்ரி ஃபார்ம் மண் ஒட்டிய காலணியையும் கயிற்றுப் பையையும் புறப்படும் முன் சுத்தமாகக் கழுவச் சொல்லுங்கள். ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் மண்ணை அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதம் உண்டு.