கிரையம் வாங்கிய நிலமும் கோர்ட்டுத் தடையும்: கேள்வி பதில்

நிலம் வாங்கியவர் தன் அனுபவத்தை, அதாவது நிலம் தன் கையில் இருப்பதை, காக்கத் தடை கேட்பது பற்றி மட்டும் இன்று. பங்காளிச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

வக்கீல் சார், திருச்செங்கோடு பக்கம் 2 ஏக்கர் கிரையம் வாங்கி மூன்று வருடமாக உழுகிறேன். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பைத் தாண்டிக் கல் நடுகிறார். போலீஸில் 'சிவில் வழக்கு' என்று அனுப்பிவிட்டார்கள்.

உரிமையியல் நீதிமன்றத்தில் நிரந்தர உறுத்துக்கட்டளை (தடையாணை) கேட்டு வழக்குப் போடுங்கள். கூடவே உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 39, விதி 1, 2-இன்படி இடைக்காலத் தடைக்கு மனு. வழக்குப் போட்ட தேதியில் நிலம் உங்கள் கையில் இருந்தது என்று காட்ட வேண்டும். கிரையப் பத்திரம், தாய்ப் பத்திரம், அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு), கிஸ்தி (நிலவரி) ரசீது, கிணற்று மோட்டார் கரண்ட் பில், எல்லாம் எடுத்துவையுங்கள்.

அவசரம் என்று தெரிந்தால் எதிரியை (எதிர்த்தரப்பை)க் கேட்காமலேயே தடை கிடைக்கலாம். கிடைத்ததும் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடாதீர்கள். மனு, ஆவண நகல்களை உடனே எதிரிக்கு அனுப்பி, அன்றோ மறுநாளோ அதற்குப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். இதில் கோட்டை விட்டால், தடையை நீக்கக் கேட்க எதிரிக்கு நீங்களே வழி விட்டதாகும்.

ஒன்றை மறக்காதீர்கள்: சொத்து விவரத்தில் நான்கு எல்லை எழுதும் முன் நிலத்தில் போய் நின்று பாருங்கள். பழைய பத்திரத்தில் 'கிழக்கே கந்தசாமி காடு' என்றிருக்கும்; கந்தசாமி விற்று இருபது வருடம் ஆகியிருக்கும்.

பட்டா என் பேரில். போதுமா?

போதாது. பட்டா வருவாய்த்துறைப் பதிவு, உரிமை தரும் பத்திரம் அல்ல. அனுபவத்துக்குத் துணைச் சான்றாக உதவும்.

பொதுச் சொத்தில் ஒரு அண்ணனின் பங்கை வாங்கினேன். தம்பி உள்ளே விடவில்லை.

பிரியாத பங்கு என்றால் தடை வழக்கு பொதுவாகப் பலிக்காது. பாகப்பிரிவினை வழக்குதான் வழி.

எதிரி 'உன் பத்திரமே செல்லாது, நிலம் என் தாத்தா சொத்து' என்கிறார். தடை மட்டும் கேட்டால் கோர்ட் கட்டணம் குறையுமே?

குறைத்துவிட்டு அப்புறம் வழக்கையே இழப்பீர்கள். உரிமை மீதே நியாயமான சந்தேகம் எழுந்தால், உரிமை விளம்புகையும், அதாவது நிலம் உங்களுடையது என்ற கோர்ட்டின் அறிவிப்பையும், சேர்த்துக் கேட்க வேண்டும். 2008-இல் அனதுலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

குறுக்கிடுகிறேன். ராமே கவுடா வழக்கில் உச்ச நீதிமன்றத்தில், நிலைத்த அனுபவத்தில் இருப்பவரை உண்மையான உரிமையாளர்கூடப் பலவந்தமாக வெளியேற்ற முடியாது என்றார்களே? பிறகு எதற்கு விளம்புகை?

நல்ல கேள்வி. ஆனால் அங்கே 'நிலைத்த' என்ற சொல்தான் உயிர். வேலி, பயிர், வீடு என்று கண்ணுக்குத் தெரியும் அனுபவம் இருந்தால் உங்கள் வாதம் நிற்கும். காலி மனையில் என்ன காட்டுவீர்கள்? அங்கே உரிமை யாருக்கோ அவருக்கே அனுபவம் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்போது உரிமையை ஆராயாமல் தீராது.

வேலி போட்ட மனை என்றால்?

என்றைக்குப் போட்ட வேலி? வழக்குக்கு முந்தின வாரம் என்றால் நீதிபதி சிரிப்பார். எதற்கும் விளம்புகையைச் சேருங்கள். எதிரி ஒரு உயிலை நீட்டியபின் பிராதை (வழக்கு மனுவை)த் திருத்த ஓடுவது பெரிய பாடு.

போன மாதம் ஆளைக் கூட்டி வந்து என்னை நிலத்தை விட்டு வெளியேற்றிவிட்டார்கள். தடை கேட்கலாமா?

கையில் இல்லாததைக் காக்கத் தடை கிடையாது. குறித்தவகைத் தீர்வுச் சட்டம் (Specific Relief Act) பிரிவு 6-இன்படி, வெளியேற்றிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் அனுபவத்தை மீட்க வழக்குப் போடலாம்; அதில் உரிமையை நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு மாதம் போய்விட்டது. நாளைக்கே வக்கீலைப் பாருங்கள்.

ஆன்லைனில் எடுத்த பட்டா செல்லுமா, சார்?

எங்கே எடுத்தாலும் பட்டா பட்டாதான். மேலே பாருங்கள்.

கோர்ட் அனுப்பும் வக்கீல் கமிஷனர் வந்து, நான்தான் அனுபவத்தில் இருக்கிறேன் என்று எழுதித் தருவாரா?

மாட்டார். சர்வேயரோடு வந்து அளப்பார், கல்லும் மரமும் எங்கே இருக்கிறது என்று குறிப்பார். யார் அனுபவம் என்பதைச் சாட்சியத்தை வைத்துக் கோர்ட்தான் முடிவு செய்யும். அவர் வரும் அன்று உங்கள் மனுவில் எழுதிய நான்கு எல்லை தரையோடு ஒத்துப்போக வேண்டும். அதற்குத்தான் முதலிலேயே தலையில் அடித்துக்கொண்டேன்.