அடுத்து என்ன கோர்ஸ் படிக்கலாம்?

கேள்வி: ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறேன். வரிசையாக ஆன்லைன் கோர்ஸ் முடித்துச் சான்றிதழ்களும் வாங்கிவிட்டேன். ஆனாலும் நான் அனுப்பும் அறிக்கையைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர்கள் போன் செய்து விளக்கம் கேட்கிறார்கள். நான் லீவில் இருந்தால்கூட, என் ஃபைல் புரியாமல் சக ஊழியர்கள் கூப்பிடுகிறார்கள். அடுத்து என்ன படிக்கலாம்?

பதில்: இப்போதைக்குப் புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். நீங்கள் படிக்க வேண்டியது அந்த போன் அழைப்புகளிலேயே இருக்கிறது.

பன்னிரண்டு வருடம் வேலை செய்தால் திறமை தானாக வளர்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மருத்துவர்களின் அனுபவத்தையும் சிகிச்சைத் தரத்தையும் ஒப்பிட்ட 62 ஆய்வு முடிவுகளைத் தொகுத்து 2005-ல் ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் பாதிக்கும் மேல், அனுபவம் கூடக்கூடத் தரம் குறைந்ததாகவே காட்டின. மருத்துவர்களுக்கே அப்படி என்றால் நம்மைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு வேலை கை பழகியதும் யோசிக்காமலே செய்ய ஆரம்பிக்கிறோம், எங்கே சறுக்குகிறது என்று எடுத்துச் சொல்லவும் ஆள் இருப்பதில்லை. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் 1993-ல் வயலின் கலைஞர்களை ஆராய்ந்து எழுதியதும் இதைத் தொட்டதுதான். தனக்கு வராத இடத்தைக் குறிவைத்து, உடனுக்குடன் பிழையைத் தெரிந்துகொண்டு செய்கிற பயிற்சிதான் திறமையை வளர்க்கும் என்றார் அவர்.

உங்களுக்கு அப்படிப் பிழையைக் காட்டுகிறவர்கள் அந்த வாடிக்கையாளர்கள்தான், அதனால் அவர்கள் கேட்பதைத் தொந்தரவாக நினைக்காமல் ஒரு நோட்டில் அவர்கள் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். 'லாபம் காட்டியிருக்கிறீர்கள், ஆனால் பேங்கில் பணமே இல்லையே' என்று ஒருவர் கேட்டால், அவருக்கு லாபமும் கையிருப்பும் ஏன் வேறு என்பது புரியவில்லை. இன்னும் வசூலாகாத பில், கட்டிய கடன் தவணை, வாங்கி வைத்த சரக்கு என இவற்றில் பணம் எங்கே போய் நிற்கிறது என்று அடுத்த அறிக்கையின் முதல் பக்கத்திலேயே நாலு வரி எழுதிவிடுங்கள். அப்புறம், அனுப்புவதற்கு முன்னால் இவர் என்ன கேட்பார் என்று நீங்களே ஊகித்து எழுதிப் பாருங்கள். அவர் உண்மையில் கேட்டது வேறாக இருந்தால், அந்த வித்தியாசத்தில்தான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

சக ஊழியர்கள் விஷயம் இன்னும் சுலபம். ஒரு ஃபைலை உங்களுக்கு அடுத்து வருகிறவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் அவர் எங்கே தடுமாறுகிறார் என்று மட்டும் பாருங்கள், இது கஷ்டம்தான், விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும். அவர் தடுமாறிய இடத்தில் ஏன் இந்தத் தொகை, எந்த ஆவணத்தின்படி, இன்னும் என்ன பாக்கி என்று ஃபைலிலேயே எழுதிவிட்டால் நிம்மதியாக லீவு எடுக்கலாம்.

இரண்டு மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டுங்கள். ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து, அதற்குப் பதில் உங்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை என்றால், சரி, அதற்கு மட்டும் ஒரு கோர்ஸ் சேருங்கள். அப்போதும் பாடத்தை மறுபடி மறுபடி பார்ப்பதைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-ல் நடத்திய சோதனையில், திரும்பப் படித்தவர்களைவிட இப்படி நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது.