பல்புக்கு ஐபி அட்ரஸ் எங்கே போடுவது?

கேள்வி: வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. வைஃபையில் இயங்கும் ஸ்மார்ட் பல்பு மூன்று வாங்கினேன். ஹாலில் போட்டது முதல் முயற்சியிலேயே சேர்ந்துவிட்டது. படுக்கையறைக்கும் மாடிப்படிக்கும் வாங்கிய இரண்டுக்கும் 'சாதனம் கிடைக்கவில்லை' என்றே வருகிறது. கடையில் கேட்டால், "ஐபி அட்ரஸ் பார்த்துப் போடுங்க சார், சேர்ந்துடும்" என்கிறார்கள். எங்கே பார்ப்பது, எங்கே போடுவது? சேர்ந்த பல்பும் கரண்ட் போய் வந்தால் சில நாள் ஆப்பில் காணாமல் போகிறது. (திண்டுக்கல் வாசகர்)

பதில்: கடையில் சொன்னதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வைஃபையில் சேராத பல்புக்கு ஐபி முகவரியே கிடையாது. இல்லாததை எங்கே போய்ப் பார்ப்பது?

ரயில் நிலைய வண்டி ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியை உள்ளே கொண்டுபோன பிறகுதான் டோக்கன் கிழித்துக் கொடுப்பார்கள். ஐபி முகவரி அந்த டோக்கன்தான். பல்பு உள்ளே வந்ததும் ரூட்டரே கொடுக்கும். இன்று ஓர் எண், அடுத்த வாரம் வேறு எண்ணாகவும் இருக்கலாம். மேக் முகவரி என்று இன்னொன்று உண்டு. அது வண்டியின் சேஸிஸ் நம்பர் மாதிரி, தொழிற்சாலையிலேயே பொறித்து வருவது. வைஃபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மாறாது. இந்த இரண்டும் பிறகு நமக்கு உதவும். ஆனால் பல்பைச் சேர்ப்பதற்கு இரண்டுமே வேண்டாம். வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் பல்பின் காதுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். உங்கள் வீட்டில் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பல்புக்குத் திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. அதற்குக் கடவுச்சொல்லை எப்படிச் சொல்வது? பல ஆப்கள் செய்வது ஒரு வேடிக்கையான வேலை. பல்பை மூன்று முறை அணைத்துப் போட்டால் வேகமாகக் கண் சிமிட்டுமே, அப்போது அது காற்றில் போகும் வைஃபை தகவல்களை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறது. எல்லாம் பூட்டிய தகவல்கள்; உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குப் புரியாது. ஆனால் ஒவ்வொரு தகவல் பொட்டலமும் எவ்வளவு நீளம் என்பது வெளியிலிருந்தே தெரியும். உங்கள் ஃபோன் வேண்டுமென்றே குறிப்பிட்ட நீளங்களில் பொட்டலங்களை அனுப்புகிறது. அந்த நீளங்களை எழுத்துகளாக மாற்றி வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் பல்பு படித்துக்கொள்கிறது. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் பேசுவது கேட்காது, ஆனால் கதவை எத்தனை முறை தட்டுகிறார்கள் என்பது கேட்கும் அல்லவா, அது போலத்தான்.

இப்போது பாருங்கள். வைஃபை பல்புகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறிந்தவை. அந்தச் சில்லுதான் மலிவு; சுவரைத் தாண்டும் திறனும் 2.4-க்கே அதிகம். ஃபைபர் இணைப்போடு இப்போது வரும் ரூட்டர்களில் பல 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் ஒளிபரப்புகின்றன. எதில் சேர்வது என்பதை ஃபோனும் ரூட்டரும் தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளும். நீங்கள் ஹாலில் முதல் பல்பைச் சேர்த்தபோது ஃபோன் 2.4-இல் இருந்திருக்கும். பிறகு எப்போதோ 5-க்குத் தாவியிருக்கும். அப்போது கதவைத் தட்டும் சத்தம் பல்பால் கேட்க முடியாத அலைவரிசையில் போகிறது. சில ரூட்டர்கள் அதை 2.4-க்கும் கடத்திவிடும், சில கடத்தாது. இப்படி ஒரு வீட்டில் ஒரு பல்பு சேர்ந்து, அதே அட்டைப்பெட்டியிலிருந்து வந்த இன்னொன்று சேராமல் போவது எனக்குப் புதிதல்ல.

ஆனால் அதுதான் காரணம் என்று நான் இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. டியூப் லைட் எரியாவிட்டால் ஸ்டார்ட்டரை மாற்றிப் போட்டுப் பார்ப்போமே, அதையே செய்யுங்கள். படுக்கையறைப் பல்பை ஹால் ஹோல்டரில் மாட்டி அங்கே சேர்த்துப் பாருங்கள். சேர்ந்துவிட்டால் படுக்கையறையில் சிக்னல் போதாமல் இருந்திருக்கலாம். சேர்ந்த பல்பைக் கழற்றிப் பழைய இடத்தில் மாட்டினால் வைஃபை விவரம் அதன் நினைவில் இருக்கும், மறுபடி சேர்க்க வேண்டியதில்லை. அங்கேயும் நின்று பிடித்தால் விட்டுவிடுங்கள். மாடிப்படிக்கு நடுவில் கான்கிரீட் தளம் வருவதால் அங்கே கொஞ்சம் சந்தேகம்தான்; உலோகக் கூண்டுக்குள் இருக்கும் விளக்கு என்றால் இன்னும் மோசம்.

ஹாலிலும் சேரவில்லை என்றால் அலைவரிசைப் பக்கம் வாருங்கள். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் (அங்கே போகும் வழியைக் கீழே சொல்கிறேன்) 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, ஃபோனை 2.4 பெயரில் இணைத்துவிட்டு முயலலாம். உங்கள் ரூட்டரில் பிரிக்க வழியில்லை என்றால் 5-ஐப் பத்து நிமிடம் அணைத்துவிட்டு, பல்பு சேர்ந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தில் இருக்கும்போதே பாதுகாப்பு வகையையும் ஒரு கண் பாருங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பல பல்புகள் சேராது. டபிள்யூபிஏ2 அல்லது இரண்டும் கலந்தது என்று வையுங்கள். விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் பல்பைச் சேர்க்காதீர்கள். அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பு இருப்பது வழக்கம்.

ரூட்டரைத் தொடவே பயமாக இருக்கிறதா? பல்பின் இன்னொரு முறையை முயலுங்கள். வேகமாகச் சிமிட்டும்போது மறுபடி மூன்று முறை அணைத்துப் போட்டால் பல மாடல்கள் மெதுவாகச் சிமிட்டத் தொடங்கும். அப்போது பல்பே ஒரு சின்ன வைஃபையை ஒளிபரப்பும். ஃபோன் அதில் நேராக இணைந்து கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும். கதவு தட்டும் கதையெல்லாம் இல்லை. "இதில் இணையம் இல்லை, தொடரவா?" என்று ஃபோன் கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். அதற்கு முன் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் ஃபோன் பல்பை உதறிவிட்டு அந்தப் பக்கம் ஓடிவிடும். ஆண்ட்ராய்டில் லொகேஷன் அனுமதி கேட்டால் கொடுத்துவிடுங்கள். அது இல்லாமல் சுற்றியுள்ள வைஃபை பெயர்களை ஆப்பால் பார்க்க முடியாது. ஐஃபோனில் லோக்கல் நெட்வொர்க் அனுமதி தேவை. புதிய பல்புகள் சில ப்ளூடூத் வழியாகவே கடவுச்சொல்லை வாங்கிக்கொள்கின்றன. உங்களுடையது அந்த வகை என்றால் ப்ளூடூத்தைப் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். பெட்டியில் வைஃபை என்ற பேச்சே இல்லாமல் ஜிக்பீ (அது வைஃபை அல்லாத வேறொரு கம்பியில்லா முறை) என்று போட்டிருந்தால் அந்தப் பல்பு ரூட்டரோடு பேசவே பேசாது. பிலிப்ஸ் ஹ்யூ அந்த வகை. அதை வீட்டு நெட்வொர்க்கோடு சேர்க்க பிரிட்ஜ் போன்ற தனிப் பெட்டி வேண்டும். ஐபி முகவரி அந்தப் பெட்டிக்குத்தான் இருக்கும், பல்புக்கு இருக்காது.

பல்புகள் சேர்ந்த பிறகுதான் முகவரிக்கு வேலை. முதலில் ரூட்டரின் முகவரியைக் கண்டுபிடியுங்கள். ஃபோனின் வைஃபை அமைப்பில் உங்கள் இணைப்பைத் தட்டினால் கேட்வே அல்லது ரூட்டர் என்ற பெயரில் ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோ ஃபைபர் என்றால் 192.168.29.1. அதை பிரவுசரில் அடித்தால் உள்நுழைவுப் பக்கம் வரும். பெயரும் கடவுச்சொல்லும் அனேகமாக ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே 'இணைந்துள்ள சாதனங்கள்' என்ற பொருளில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஃபோன், டிவி, மடிக்கணினி எல்லாம் கலந்து கிடக்கும். பல்பு தன் பெயரைப் பல்பு என்று போட்டுக்கொள்ளாது. பல மலிவுப் பல்புகளுக்குள் இருப்பது ஷாங்காயின் எஸ்ப்ரெசிஃப் நிறுவனத்தின் சில்லு. மேக் முகவரியின் 12 இடங்களில் முதல் ஆறு, தயாரிப்பாளரைக் குறிப்பது. அதை வைத்துச் சில ரூட்டர்கள் எஸ்ப்ரெசிஃப் என்றே காட்டிவிடும். அதைப் பார்த்து, நம் வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று பதறியவர்கள் உண்டு.

குழப்பமாக இருந்தால் ஒரே வழி: ஒரு பல்பை அணையுங்கள், ஒன்றிரண்டு நிமிடம் கழித்துப் பட்டியலைப் புதுப்பியுங்கள். எது மறைந்ததோ அதுதான். வைஃபையில் இப்போது இணைந்திருப்பவை என்ற பட்டியலில் இதைப் பாருங்கள். கொடுத்த டோக்கன்களின் (அதாவது ஐபி எண்களின்) பட்டியலில், வண்டி போன பிறகும் டோக்கன் நாள் முடியும்வரை பெயர் தொங்கிக்கொண்டிருக்கும். பல்பின் ஆப்பிலும் சாதன விவரத்தில் ஐபி முகவரி என்று ஒன்று இருக்கலாம். அது 192.168. என்றோ, 10. என்றோ (பத்துக்குப் பிறகு புள்ளி), அபூர்வமாக 172.16 முதல் 172.31 வரை ஏதாவது ஒன்றிலோ தொடங்காவிட்டால் நம்பாதீர்கள். சில ஆப்கள் அங்கே காட்டுவது உங்கள் வீடு முழுவதற்கும் பொதுவான வெளி முகவரியை. மேக் முகவரியை ஒரு தாளில் எழுதி, எந்த அறைப் பல்பு என்று குறித்து வையுங்கள்.

இப்போது காணாமல் போகும் ஹால் பல்புக்கு வருவோம். அடுத்த முறை அது ஆப்பில் இல்லாதபோது அந்தப் பட்டியலைத் திறந்து, எழுதி வைத்த மேக் முகவரியைத் தேடுங்கள். பட்டியலில் இருந்தால் பல்பு உள்ளேதான் இருக்கிறது. இணையமோ நிறுவனத்தின் சர்வரோதான் தகராறு, சற்றுப் பொறுத்தால் வந்துவிடும். பட்டியலிலும் இல்லை என்றால் வைஃபையிலேயே சேரவில்லை. நீங்கள் 'சில நாள்' என்று எழுதியிருப்பதால் எனக்கு ஒரு சந்தேகம். கரண்ட் வந்ததும் ரூட்டர் புதிதாக எழுந்து, தானாக ஒரு சேனலை (அலைவரிசைக்குள் ஒரு சிறு பாதை) தேர்ந்தெடுக்கும். நம் நாட்டில் 2.4-இல் 13 சேனல்கள் உண்டு. சில பல்புகளுக்குத் தெரிந்தது 11 வரைதான். ரூட்டர் 12 அல்லது 13-இல் போய் உட்கார்ந்த நாளில் அந்தப் பல்பின் பார்வையில் உங்கள் வீட்டில் வைஃபையே இல்லை. சேனலைத் தானியங்கியிலிருந்து எடுத்து 1, 6, 11-இல் ஏதாவது ஒன்றில் நிறுத்திவிடுங்கள்.

பல்புக்கு நிலையான ஐபி ஒதுக்கும் வசதியும் அதே ரூட்டர் பக்கத்தில் இருக்கும். மேக் முகவரியைக் கொடுத்து, இதற்கு எப்போதும் இந்த எண் என்று சொல்லலாம். கணினியிலிருந்து பல்பை நேரடியாக இயக்கும் ஆசை இருந்தால் தேவை. ஆப்பை மட்டும் பயன்படுத்துபவருக்கு இதனால் பெரிய லாபம் இல்லை.

கரண்ட் விஷயத்தில் இன்னொரு வம்பும் உண்டு. போன ஐப்பசியில் ஒரு மழை இரவில் எங்கள் வீட்டில் மின்சாரம் நாலைந்து முறை வெட்டி வெட்டி வந்தது. விடியற்காலையில் பார்த்தால் பால்கனி விளக்கு ஆம்புலன்ஸ் மாதிரி சிமிட்டிக்கொண்டிருக்கிறது. நான் மூன்று முறை அணைத்துப் போட்டதாக அது நினைத்துக்கொண்டு பழைய வைஃபையை மறந்துவிட்டது. சில ஆப்களில் இந்த மறதியைத் தடுக்கும் தேர்வும், கரண்ட் வந்ததும் பழைய நிலைக்கே திரும்பு என்ற தேர்வும் இருக்கும். இரண்டையும் தேடிப் போட்டுவிடுங்கள். ரூட்டருக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்தால் அது ஒவ்வொரு வெட்டுக்கும் விழுந்து எழாது.

அப்புறம் மாடிப்படி சுவிட்ச். பழக்கதோஷத்தில் யாராவது அதைத் தட்டி அணைத்துவிடுவார்கள், பல்பு ஆப்பில் காணாமல் போகும், நீங்கள் மறுபடி ரூட்டரைத் திறந்துகொண்டு உட்காருவீர்கள். அந்த சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.