4294967297 பகா எண்ணா? உங்கள் நிரலில் தப்பில்லை

வணக்கம். 2-ஐ வைத்து ஃபெர்மா சோதனை (n ஒற்றைப்படைப் பகா எண் என்றால் 2^(n-1)-ஐ n-ஆல் வகுக்க மீதி 1 வரும், அது வருகிறதா என்று பார்ப்பது) எழுதினால் 4294967297 பகா எண் என்று வருகிறது, புத்தகமோ பகு எண் என்கிறது, நிரலில் எங்கே பிழை என்று கேட்டிருந்தீர்கள். நிரல் சரிதான். இந்த எண்ணுக்கு 2 ஒத்துவராது, அவ்வளவுதான்.

இது 2^32 + 1. இதனால் வகுத்தால் 2^32-க்கு மீதி -1, அதை வர்க்கப்படுத்தினால் 2^64-க்கு மீதி 1. சோதனையில் நீங்கள் போடும் அடுக்கு 4294967296. அது 64-இன் மடங்கு. ஆக எண் பகாவோ பகுவோ, மீதி 1 வந்தே தீரும்! 3-ஐப் போட்டுப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்தச் சோதனைக்குப் பெயர் தந்த கணிதவியலாளர் ஃபெர்மாவே இதைப் பகா எண் என்றுதான் நம்பினார். 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் உடைத்தார்: 641 × 6700417. இதன் பகாக் காரணி எதுவும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 தரவேண்டும். அதனால் 193, 257, 449, 577 என்று நான்கைத் தாண்டினாலே 641 வந்துவிடும்.

கையாலேயே சரிபார்க்கலாம், எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது. 641 = 5 × 2^7 + 1. எனவே 641-ஆல் வகுக்கையில் 5 × 2^7-க்கு மீதி -1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4 × 2^28-க்கு மீதி 1. ஆனால் 641 = 5^4 + 2^4 என்பதால் 5^4-க்குப் பதில் -2^4 போடலாம். அப்புறம் என்ன, -2^32-க்கு மீதி 1, அதாவது 2^32 + 1 மீதியின்றி வகுபடும்.

சி மொழியில் எழுதினால் ஒன்று கவனியுங்கள்: 32 பிட்டில் இந்த எண் வெறும் 1 ஆகிவிடும். 64 பிட்டிலும் இடைப் பெருக்கலின் விடை இடம் போதாமல் வழியலாம், அதை மட்டும் 128 பிட்டில் செய்யுங்கள்.