புறா சொன்னால் வெடிகுண்டு: சீனத் தோழிக்குப் போர்த்துகீசியம்

கேள்வி: லிஸ்பனில் வேலை பார்க்கிறேன். மாலை நேரப் போர்த்துகீசிய வகுப்பில் என் பக்கத்தில் அமர்பவர் சீனப் பெண், மாண்டரின் பேசுபவர். முன்பு போர்த்துகல் ஆண்ட மக்காவு நகரில் வேலை தேடும் எண்ணம் உள்ளவர். (1999இல் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்ட பிறகும் அங்கே போர்த்துகீசியம் அலுவல் மொழி.) என்னைவிட அதிகம் உழைக்கிறார். ஆனால் ஆசிரியர் புறா என்றால் வெடிகுண்டு என்று எழுதுகிறார். வினைச்சொல்லுக்கோ விகுதி போடுவதே இல்லை. நான் எப்படி உதவலாம்?

பதில்: குறை உழைப்பில் இல்லை, காதின் பழக்கத்தில் இருக்கிறது. புறா, வெடிகுண்டு இரண்டுமே தமிழ் எழுத்தில் 'போம்ப'தான். முன்னதில் 'பல்'லின் ப, பின்னதில் 'பஸ்'ஸின் ப. தொண்டை அதிர்கிறதா என்று நம் காது பிரித்துக்கொள்கிறது. மாண்டரினில் அந்தப் பிரிவே கிடையாது. மூச்சு சீறி வருகிறதா இல்லையா என்பதுதான் அங்கே கணக்கு. போதாக்குறைக்கு, மாண்டரினை ரோமன் எழுத்தில் எழுத 1958இல் வந்த பின்யின் எழுத்துமுறை, மூச்சு சீறாத, தொண்டையும் அதிராத ப-வுக்கு 'பஸ்'ஸின் ரோமன் எழுத்தைக் கொடுத்துவிட்டது. பெய்ஜிங்கின் முதல் ஒலி அதுதான். பள்ளியில் படிந்த பழக்கம் லேசில் போகாது.

கழுத்தில் விரல் வைத்து, உதட்டை மூடி 'ம்ம்' என்று முனகச் சொல்லுங்கள். அதிர்வு அடங்குமுன் உதட்டைத் திறந்தால் வெடிகுண்டு வரும். புறாவுக்கு வாயெதிரே மெல்லிய காகிதத்தைப் பிடியுங்கள்; அது துள்ளக் கூடாது. தினம் பத்து நிமிடம் நீங்கள் மாற்றி மாற்றிச் சொல்ல, அவர் எழுதட்டும். காது தேறினால் நாக்கு பின்னாலேயே வரும்.

வினை விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். 'ஃபலேய்' பேசினேன், 'ஃபலோ' பேசினார்: விகுதியிலேயே ஆள் தெரிந்துவிடும், தமிழைப் போல. மாண்டரின் வினைக்கு உருமாற்றமே இல்லை. 'நேற்று' என்று சொல்லியாயிற்றே, வினையை வேறு ஏன் வளைக்க வேண்டும் என்பது அவர் பக்க நியாயம். ஒரு வாரம் 'நான்', 'அவர்' போன்ற சொற்களுக்குத் தடை போடுங்கள். விகுதி தவறினால், "யார் பேசியது?" என்று விடாமல் கேளுங்கள்.

பால் வேறுபாட்டுக்குக் குறுக்குவழி இல்லை. நமக்குப் போர்த்துகீசியர் தந்த மேசை, சாவி, ஜன்னல் மூன்றும் அவர்களுக்குப் பெண்பால்; அலமாரி ஏனோ ஆண்பால். அதனால் நோட்டில் 'ஷாவி' என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். பெண்பால் சுட்டும் 'அ' சேர்த்து 'அ ஷாவி' என்றே எழுதட்டும்.